கரடி என்று நினைத்த இரவு

அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளிகளுக்கு விடுமுறை விடப் போகிறார்கள். கிறிஸ்துமஸில் தொடங்கிப் பொங்கல் முடியும் வரை குன்னூர், கோத்தகிரி, உதகைப் பகுதிகளில் தெருவுக்கு நாலைந்து வீடுகளிலாவது பூட்டுத் தொங்கும். சமவெளியில் சொந்த ஊர் இருப்பவர்கள் கோவைக்கும் ஈரோட்டுக்கும் இறங்கிவிடுவார்கள்; ஹெத்தையம்மன் பண்டிகைக்காகப் படுகர் குடும்பங்கள் டவுன் வீட்டைப் பூட்டிக்கொண்டு தங்கள் ஹட்டிக்கு, அதாவது சொந்தக் கிராமத்துக்குப் போயிருப்பார்கள். இப்படிப் போகிற ஒவ்வொருவரும் கிளம்புவதற்கு முன் ஒரு முறை படிக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். மூன்று வருடங்களுக்கு முன் பொங்கலுக்கு நாங்கள் பூட்டிவிட்டுப் போன வீட்டை உடைத்து ஏழு பவுன் நகையை எடுத்துச் சென்றார்கள்.

எங்கள் வீடு குன்னூருக்குப் பக்கத்தில், சாலையிலிருந்து படியிறங்கிப் போக வேண்டிய வீடு. மலையில் குடியிருப்பவர்களுக்கு இந்த அமைப்பு தெரியும்: முன்வாசல் தெருவிளக்கு வெளிச்சத்தில் இருக்கும், பின்கட்டு தேயிலைத் தோட்டத்தைப் பார்த்தபடி இருட்டில் கிடக்கும். முன்கதவுக்கு விலை கொடுத்து நல்ல பூட்டாக வாங்கிப் போட்டிருந்தோம். சமையலறைப் பின்கதவோ பழைய சில்வர் ஓக் பலகை. மழைக்கு மழை ஊறியதில் அதன் நிலைச்சட்டமே உளுத்துப் போயிருந்தது. உள்தாழ்ப்பாளில் ஒரு பூட்டையும் மாட்டிவிட்டு நிம்மதியாகப் போனோம். திரும்பி வந்து பார்த்தபோது தாழ்ப்பாளும், அதில் பூட்டியபடியே இருந்த பூட்டும் சமையலறைத் தரையில் கிடந்தன. பெயர்ந்து விழுந்த நான்கு ஸ்க்ரூக்களும் அரை அங்குல நீளம்கூட இல்லை. அவற்றின் மரையில் மரத்தூள் மாவுபோல ஒட்டிக்கொண்டிருந்தது. பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை. தயவுசெய்து இன்றைக்கே உங்கள் பின்கதவின் தாழ்ப்பாளைக் கையால் அசைத்துப் பாருங்கள். ஆடினால், ஆசாரியைக் கூப்பிட்டு, மரத்தைத் துளைத்து மறுபக்கம் நட்டுப் போட்டு முடுக்கும் போல்ட்டாக மாற்றச் சொல்லுங்கள். உளுத்த நிலைச்சட்டத்துக்கு எந்தப் பூட்டும் காவல் ஆகாது.

ஆனால் கதவைவிட எனக்கு அதிகமாக வலித்தது வேறொன்று. பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் வயதான அம்மாவுக்கு அந்தச் சத்தம் கேட்டிருக்கிறது. நாங்கள் போன இரண்டாம் நாள் இரவு, பின்பக்கம் எதையோ நெம்புவதும் தகரம் அதிர்வதும் கேட்டு அவர் விழித்திருக்கிறார். "கரடிதான் வந்திருக்குன்னு நினைச்சு லைட்டுக்கூடப் போடாம உக்காந்திருந்தேன் கண்ணு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. சமையல் எண்ணெய் வாசத்துக்குக் கரடி கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வருவதும், கோயில் விளக்கின் எண்ணெயைக் குடித்துவிட்டுப் போவதும் எங்கள் பக்கத்தில் புதிதல்ல. இரவில் சத்தம் கேட்டால் வெளியே போகாதே என்றுதான் எல்லோரும் பழக்கியிருக்கிறோம். தவறு எங்களுடையது. எத்தனை இரவு இருக்க மாட்டோம் என்பதை அவரிடம் சொல்லவில்லை. எங்கள் கைபேசி எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுக்கவில்லை. சத்தம் கேட்டால் வெளியே வர வேண்டாம், விளக்கைப் போட்டுவிட்டு எங்களையோ 100 அல்லது 112 என்ற எண்ணையோ கூப்பிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த இரவு வேறு மாதிரி முடிந்திருக்கலாம்.

உடனே தகவல் சொல்வதற்கு மலையில் ஒரு தனிக் காரணமும் உண்டு. நீலகிரியிலிருந்து வண்டியில் வெளியேறும் வழிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். மேட்டுப்பாளையத்துக்கு இறங்க வேண்டுமானால் பர்லியாறு அல்லது குஞ்சப்பனை. கோவைக்கு மஞ்சூர், முள்ளி வழி. கூடலூர்ப் பக்கம் போனால் கேரளத்துக்கு நாடுகாணி போன்ற சில வழிகள், கர்நாடகத்துக்குக் கக்கநல்லா. கக்கநல்லாவைத் தாண்டினாலும் பந்திப்பூர்க் காட்டுச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடியிருக்கும். திருடியவர்கள் மலையை விட்டு இறங்குவதற்குள் தகவல் போய்ச் சேர்ந்தால் சோதனைச் சாவடிகளில் மடக்க வழி இருக்கிறது. எங்கள் விஷயத்திலோ நான்காம் நாள் காலையில் பால்காரர் திறந்து கிடந்த கதவைப் பார்த்துச் சொல்லித்தான் எங்களுக்கே தெரிந்தது.

காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க நம்மில் பலரும் கூச்சப்படுகிறோம். வெள்ளைத் தாளில் முகவரி, புறப்படும் நாள், திரும்பும் நாள், தொடர்பு எண் ஆகியவற்றை எழுதிக் கொடுத்தால், இரவு ரோந்து வருபவர்கள் அந்த வீட்டையும் பார்த்துவிட்டுப் போகும் ஏற்பாடு தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் நெடுநாளாக இருக்கிறது. ரோந்துக் காவலர் வந்து போனதற்குக் கையெழுத்திடும் பட்டா புத்தகம் உங்கள் தெருவில் எங்கே இருக்கிறது என்று விசாரித்து வையுங்கள். இல்லையென்றால் தெருக்காரர்களாகச் சேர்ந்து ஒன்று வைக்கச் சொல்லிக் கேளுங்கள். இதற்குப் பணமும் செலவில்லை, சிபாரிசும் தேவையில்லை.

வீடு பூட்டிக் கிடக்கிறது என்பதை வீடே சொல்லிவிடும். கீழே சமவெளியில் வாசலில் கோலம் இல்லாததும் செய்தித்தாள் குவிவதும் காட்டிக் கொடுக்கும் என்பார்கள். இங்கே அவற்றோடு உறைபனியும் சேர்ந்துகொள்கிறது. ஜனவரி விடியலில் புல்தரை முழுவதும் உப்புத் தூவியதுபோல் வெளுத்திருக்கும்போது, ஆள் இருக்கும் வீட்டு வாசலில் குழாயடி வரை கால்தடம் கறுப்பாகத் தெரியும்; ஆள் இல்லாத வீட்டு வாசல் காலை எட்டு மணிக்கும் ஒரே வெள்ளையாக இருக்கும். வெந்நீர் அடுப்புப் புகையும் அப்படித்தான். ஆகவே பாலையும் பேப்பரையும் நிறுத்துவதோடு விட்டுவிடாமல், காலையில் ஒருவர் வந்து வாசலில் நடந்து, ஒரு சன்னல் திரையை மாற்றிப் போட்டுவிட்டுப் போகும்படி பார்த்துக்கொள்ளுங்கள். வராந்தா விளக்கை இரவும் பகலும் எரியவிடுவது தவறு; பகலில் எரியும் விளக்கு, ஆள் இல்லை என்று தெருவுக்கே அறிவிக்கிறது. இந்த முகநூலும் அப்படித்தான். குடும்பத்தோடு கடற்கரையில் எடுத்த படத்தை வீடு திரும்பிய பிறகு போட்டால் அதன் அழகு குறைந்துவிடாது.

சீசன் நாட்களில் நம் கண் மந்தமாகிவிடுகிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கோடையில் நீலகிரிக்குள் வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று 2025-இல் சென்னை உயர் நீதிமன்றம் வரம்பு வைக்க வேண்டிய அளவுக்குக் கூட்டம் வருகிற மலை இது. ஆண்டு இறுதியிலும் தெருவுக்குத் தெரு வெளியூர் எண் கொண்ட கார்கள் நிற்கின்றன. யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. ஆனால் திருட்டு நடந்தவுடன் மட்டும் எல்லோருடைய விரலும் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்கு வந்திருக்கும் வடமாநிலத் தொழிலாளர்களை நோக்கி நீளுகிறது. எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. இரண்டு மாதம் கழித்துப் பிடிபட்டவர்கள், காரில் வந்து விடுதியில் தங்கி மூன்று நாள் தெருவை நோட்டமிட்ட தமிழ் பேசும் ஆட்கள். அந்த இரண்டு மாதமும் சந்தேகத்தைச் சுமந்த தொழிலாளிகளை நினைத்தால் எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது. பேசும் மொழியை வைத்துச் சந்தேகப்படாதீர்கள். காரணமில்லாமல் இரண்டு மூன்று நாள் சுற்றுகிற வண்டியின் எண்ணைக் குறித்து வையுங்கள்.

நகையைப் பற்றிச் சொல்லும்போது மனம் கனக்கிறது. பீரோவை அவர்கள் உடைக்கவே இல்லை. மேலே விரித்திருந்த செய்தித்தாளுக்கு அடியில் சாவி இருந்தது. எங்கள் அம்மாவின் அட்டிகையும் போயிற்று. புகார் கொடுக்கப் போனபோது எடை எவ்வளவு, ரசீது இருக்கிறதா, படம் இருக்கிறதா என்று கேட்டார்கள். கல்யாணப் படம் ஒன்றில் பாதி தெரிந்த அட்டிகையைத் தவிர எங்களிடம் எதுவும் இல்லை. ஒவ்வொரு நகையையும் தராசில் வைத்து எடை தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு லாக்கரில் வையுங்கள். 2022 ஜனவரி 1 முதல், தீ, திருட்டு, கட்டட இடிபாடு, ஊழியர் மோசடி ஆகியவற்றால் லாக்கரில் உள்ளது போனால் ஆண்டு வாடகையைப் போல நூறு மடங்கு வரை வங்கி பொறுப்பேற்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 2,000 ரூபாய் வாடகைக்கு இரண்டு லட்சம். இன்றைய தங்க விலைக்கு அது போதாதுதான். ஆனால் பீரோவில் வைத்தால் அதுவும் இல்லை. வீட்டுக் காப்பீடு எடுத்திருப்பவர்கள் ஆவணத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். பலரிடமும் இருக்கும் 'பாரத் கிருக ரக்ஷா' பாலிசி தீ, வெள்ளம் போன்ற சேதத்துக்கானது. பூட்டை உடைத்துத் திருடுவதற்குத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

கேமரா வாங்குவதானால் பதிவுப் பெட்டியை டிவிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். வருகிறவர்கள் அதையும் சேர்த்தே தூக்கிக்கொண்டு போகிறார்கள். காட்டெருமை நடந்தாலும் கைபேசியில் மணி அடிக்கும், ஒரே வாரத்தில் அதைக் கவனிக்காமல் விட்டுவிடுவோம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அப்படியும் திருட்டு நடந்துவிட்டால் எதையும் தொடாதீர்கள். நாங்கள் மலையேறி வருவதற்குள் வெலிங்டனிலிருந்து ஓடி வந்த சித்தி, அலங்கோலத்தை அம்மா பார்க்கக் கூடாதே என்ற பாசத்தில், சிதறிக் கிடந்த புடவைகளை மடித்து வைத்து, பீரோ இருந்த அறையில் சேறு படிந்த தரையையும் துடைத்துவிட்டார். கைரேகை எடுக்க வந்தவர்கள் சுத்தமான அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், காப்பீட்டுக்கு அது இல்லாமல் முடியாது.

இப்போது எங்கள் தெருவில் பதினொரு வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். யார் எந்த நாளில் இருக்க மாட்டார்கள் என்பது இரண்டே பேரிடம் மட்டும் எழுத்தில் இருக்கும். அவர்களில் ஒருவர் அந்தப் பக்கத்து வீட்டு அம்மா. அவர் வீட்டுத் தொலைபேசிக்கு மேலே, சுவரில், எங்கள் எண்ணும் காவல் நிலைய எண்ணும் விரற்கடை உயர எழுத்தில் ஒட்டப்பட்டிருக்கின்றன. போன மாதம் நள்ளிரவில் சத்தம் கேட்டு விளக்கைப் போட்டு எங்களை அழைத்தார். அன்று வந்தது உண்மையாகவே கரடிதான். அழைத்ததற்காக அவர் மன்னிப்புக் கேட்டார்; இனியும் இப்படியே அழைக்க வேண்டும் என்று அவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.