சாந்தோரினி எரிமலை அணைந்துவிட்டதா?

கிரேக்க நாட்டின் சாந்தோரினி தீவில் ஒரு நாள் படகுப் பயணம் போவது பற்றிப் பேசும்போது, அங்குள்ள எரிமலை 3,600 ஆண்டுகளுக்கு முன் ஒரே ஒருமுறை வெடித்து அதோடு அணைந்துவிட்டது என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். அது சரியல்ல. அந்தப் பெருவெடிப்பு உண்மைதான். ஆனால் கதை அங்கே முடியவில்லை. கடைசி வெடிப்பு 1950இல் நடந்தது. நம் தாத்தா பாட்டி காலம்!

இன்னொன்று: படகிலிருந்து இறங்கி நாம் ஏறி நடக்கும் நியா கமேனி என்ற எரிமலைத் தீவு, அந்தப் பெருவெடிப்பின்போது இல்லவே இல்லை. 1707இல்தான் கடலுக்கு மேலே தலைகாட்டியது. அப்புறம் 1866, 1925, 1939 என்று தொடங்கிய வெடிப்புகளில் எரிமலைக் குழம்பு (லாவா) வழிந்து வழிந்து வளர்ந்தது.

சரிபார்ப்பது எளிது. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் உலக எரிமலைப் பட்டியலில் சாந்தோரினி என்று தேடினால், வெடித்த ஆண்டுகள் வரிசையாக இருக்கும். செயற்கைக்கோள் படத்தில் பார்த்தாலும், அந்தத் தீவில் கறுப்புக் கறுப்பாகக் கடலுக்குள் நீளும் குழம்புப் பாறைகள் தெரியும். நேரில் போகிறவர்கள் எரிமலை வாய்ப் பள்ளத்தின் விளிம்பில் கொஞ்சம் நின்று பாருங்கள்: பாறை இடுக்கில் ஆவி கசியும், கந்தக வாடை மூக்கில் ஏறும்.

இதைப் படித்துப் பயணத்தை ரத்து செய்ய வேண்டாம். ‘அணைந்தது’ என்ற சொல் மட்டும்தான் தவறு; ‘உறங்குகிறது’ என்றால் பொருந்தும்.