ஜீனை அணைக்கும் அண்ணனுக்கு

அந்த வீடியோவைப் பற்றித்தான். லிங்க் கேட்காதீர்கள், எல்லோர் டைம்லைனிலும் அதுதான் ஓடுகிறது. "வாய்ப் புற்றுநோய் பரவுவது ஜீன் சுவிட்ச்சால்தான். மனசு வைத்தால் நீங்களே அணைக்கலாம், கத்தி வேண்டாம்" என்கிறார் அதில் பேசும் அண்ணன். கீழே வரிசையாக இதயக்குறிகள்.

முதல் வாக்கியம் கிட்டத்தட்ட உண்மை. எரிச்சலே அதுதான். முழுப் பொய்யாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

வாயின் உட்தோல் செல்கள் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருப்பவை. பிடித்து வைப்பதில் முக்கியமானது இ-கேடெரின் என்ற புரதம். புற்று பரவும்போது பெரும்பாலும் அந்தப் புரதத்துக்கான ஜீன் அழிவதில்லை, அடக்கப்படுகிறது. ஸ்னெயில், ட்விஸ்ட், ஸெப் என்று சில புரதங்கள் அதை வேலை செய்ய விடாமல் தடுக்கும். சில கட்டிகளில் ஜீனின் தொடக்கப் பகுதியில் மெத்தில் என்ற சின்ன ரசாயனத் துணுக்கு ஒட்டி அதை மூடிவிடும். இன்னொரு பக்கம், சுற்றியுள்ள திசுவை அரிக்கும் நொதிகளின் ஜீன்கள் முடுக்கிவிடப்படும். பிடி தளர்ந்த செல்கள் நிணநீர் வழியாகக் கழுத்திலுள்ள நிணநீர்க் கணுக்களுக்குப் போய்ச் சேரும். சரி, இதுவரை அண்ணன் பாஸ்.

இதில் மனசு எங்கே வந்தது? ஜீன் அடங்குவதும் விழிப்பதும் செல்லுக்குள் நடக்கிற ரசாயனம். நாம் சொல்லி அது கேட்காது. மெத்திலைக் களையும் மருந்தே இருக்கிறது. அஸாசைடிடின், 2004 முதல் ஒருவகை ரத்த மஜ்ஜை நோய்க்குத் தருகிறார்கள். அதுவே வாய்ப் புற்றுக்கு வழக்கமான சிகிச்சையாக வரவில்லை. மருந்தால் ஆகாததை மூச்சுப் பயிற்சி செய்துவிடுமா?

அப்புறம், அணைத்தால் நல்லது என்று யார் சொன்னது? 2012இல் எலிகளின் தோல் புற்றில் ஓர் ஆய்வு நடந்தது. வாய்ப் புற்றில் பெரும்பாலானவை எந்தச் செல் வகையோ, அதே வகைப் புற்று. ட்விஸ்ட் இயங்கியபோது செல்கள் கட்டியை விட்டுக் கிளம்பின. போன இடத்தில் வேரூன்றிப் பெருக, அதே ட்விஸ்ட் அணைய வேண்டியிருந்தது. எதை, எப்போது, எந்தச் செல்லில் அணைப்பதாக உத்தேசம், அண்ணா?

"நீ டாக்டரா?" இல்லை. அவரும் இல்லை.

"மன அழுத்தத்துக்கும் ஜீனுக்கும் தொடர்பு உண்டென்று ஆய்வே இருக்கிறது." இருக்கட்டும். தொடர்பு இருப்பது வேறு, நினைத்தபடி அணைப்பது வேறு.

"புகையிலையை விட்டால் ஜீன் ஒழுங்கு மாறுமே?" இது நியாயமான கேள்வி. மாறும். புகைப்பதை நிறுத்தியவர்களின் ரத்தத்தில், புகையால் வந்த மெத்தில் மாற்றங்கள் பல, வருடக்கணக்கில் மெல்லக் குறைகின்றன. அதனால் விடுங்கள், புகையிலையோ பாக்கோ, இன்றே விடுங்கள். ஆனால் ஏற்கெனவே கழுத்துக்குப் போய்விட்ட செல்லை அது திருப்பி அழைத்து வராது. அதற்குத்தான் கத்தி. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 2015இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். ஆரம்பக் கட்ட வாய்ப் புற்றில், கழுத்துக் கணுக்களை முதல் அறுவையிலேயே எடுத்தவர்களில் 80 சதவீதம் பேர் மூன்று ஆண்டுக்குப் பின் உயிரோடு இருந்தார்கள். கணுவில் நோய் தெரியும்வரை காத்திருந்தவர்களில் 67.5 சதவீதம். காத்திருந்ததற்கு விலை அது.

"நம்பிக்கையைக் கெடுக்காதே" என்பவர்களுக்குத்தான் கோபமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. என் பெரியம்மாவுக்கு நாக்கோரத்தில் வந்தது. அறுவைக்குப் பிறகு கழுத்திலும் வந்தது. பார்க்க வந்தவர்கள் அவர் முன்னாலேயே, "மனசைத் தளர விட்டுட்டாங்க, அதான் பரவிடுச்சு" என்றார்கள். பாதி நாக்கோடு அவரால் பதில் பேச முடியவில்லை. எழுதிக் காட்ட நோட்டை எடுத்தார், அதற்குள் பேச்சு வேறு எங்கோ போய்விட்டது. ஸ்னெயிலும் ட்விஸ்ட்டும் செய்த வேலைக்கு அவர் குற்றவாளி! நீங்களே அணைக்கலாம் என்றால், அணையாதபோது தப்பு யாருடையது? அந்த இதயக்குறிகளில் எங்கள் சொந்தக்காரர்களும் உண்டு. பார்த்துவிட்டேன்.

வீடியோவின் கீழே ஒருவர் கேட்டிருக்கிறார், அம்மாவுக்கு அடுத்த வாரம் ஆபரேஷன், தள்ளிப் போடலாமா என்று. அண்ணன் கைகூப்பும் எமோஜி போட்டிருக்கிறார். தள்ளிப் போடாதீர்கள் என்று நான் எழுதினேன். என் கமெண்ட்டை நீக்கிவிட்டார்கள். அந்தத் தம்பியைத் தெரிந்தவர்கள் இருந்தால் இதைக் காட்டுங்கள்.