லூஸ்ல வராது சார், செட்டாத்தான் வரும்!

கடைக்குள் நுழைந்து, சட்டைப் பையிலிருந்து உடைந்த பாகத்தை எடுத்து மேஜை மேல் வைப்பதற்குள் பதில் வந்துவிடுகிறது. "லூஸ்ல வராது சார், செட்டாத்தான் வரும்." திருச்சி தில்லைநகரில் கண்ணாடிக் கதவும் ஏசியும் வைத்த கடையிலும் இதே பதில்தான், பெரிய கடை வீதிப் பக்கம் அப்பா காலத்திலிருந்து இரும்புச் சாமான் விற்கிற கடையிலும் இதே பதில்தான். போனது பத்து இருபது ரூபாய்ச் சாமான். அதற்காக ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்ப் பொருளை முழுசாகத் தூக்கி எறிய வேண்டுமாம். ஏன் தம்பி, இது மட்டும் கிடைக்காதா என்று கேட்டால், வேறு வேலை இல்லாத ஆள் என்று ஒரு பார்வை.

ஆமாம், எனக்கு வேறு வேலை இல்லைதான். ரிட்டயர்ட் ஆகிவிட்டேன். அதனால்தான் வீட்டில் இருக்கிற சாமானையெல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன் என்கிறேன். அதற்கும் விடமாட்டேன் என்றால் எப்படி?

நான் பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராகச் சேர்ந்து, சங்கு ஊதினால் உள்ளே, சங்கு ஊதினால் வெளியே என்று வேலை காலம் முழுவதையும் அங்கேயே கழித்தவன். 1928-ல் நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு வந்த பணிமனை அது. ஊட்டி மலை ரயிலைப் பின்னாலிருந்து தள்ளி ஏற்றுகிற எக்ஸ் கிளாஸ் நீராவி எஞ்சின் இருக்கிறதே, அது ஸ்விட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத்துக் கம்பெனி செய்தது. முதல் எஞ்சின்கள் 1914 வாக்கில் வந்தவை. பல் சக்கரத்தைத் தண்டவாளத்து நடுவிலுள்ள பல்லில் கோத்து மலை ஏறுகிற எஞ்சின். செய்த கம்பெனி எப்போதோ எஞ்சின் தொழிலை விட்டுவிட்டது. அதற்காக எஞ்சினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டோமா? தேய்ந்த பாகத்தை அளந்து, வரைந்து, வார்த்து, கடைந்து போட்டார்கள் எங்கள் ஆட்கள். அதோடு நிற்காமல், 2011 முதல் புது எஞ்சினையே பொன்மலையில் கட்டி அனுப்பினார்கள். நூறு வருஷத்துச் சுவிஸ் எஞ்சினுக்குப் பாகம் கிடைக்கும், போன ஆட்சியில் வாங்கிய குளியலறைக் குழாய்க்குக் கிடைக்காது என்றால் எனக்குக் கோபம் வருமா வராதா?

அந்தக் குழாய்க் கதையைச் சொல்கிறேன். முன்பெல்லாம் பித்தளை டேப். உள்ளே ஒரு ரப்பர் வாஷர், அவ்வளவுதான். சொட்டினால் வால்வை மூடி, ஸ்பானரால் தலையைக் கழற்றி, வாஷரை மாற்றினால் வேலை முடிந்தது. ராத்திரி நேரம், கடை இல்லை என்றால் பழைய சைக்கிள் ட்யூபை வட்டமாக வெட்டிப் போட்டு ஓட்டியிருக்கிறோம். மாதக்கணக்கில் நிற்கும்.

இப்போது வருவது கால் வட்டம் திருகினாலே திறக்கிற குழாய். உள்ளே ரப்பர் கிடையாது. இரண்டு பீங்கான் தட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்திருக்கும். திருகும்போது துளைகள் நேராக வந்தால் தண்ணீர் வரும், விலகினால் நிற்கும். யோசனை அருமை, ஒரு ஃபிட்டராக நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நம் ஊர் போர் தண்ணீரின் உப்பும் பொடி மணலும் அந்தத் தட்டுகளுக்கு நடுவில் புகுந்தால் கீறல் விழும், சொட்ட ஆரம்பிக்கும். தட்டுகள் இருக்கிற அந்தத் தண்டை, கடைக்காரர்கள் ஸ்பிண்டில் என்பார்கள், அதை மட்டும் மாற்றினால் போதும். கிடைக்காது. ஏன்? கைப்பிடி உட்காரும் இடத்தில் ஒரு கம்பெனிக்கு 20 பல், இன்னொரு கம்பெனிக்கு 24 பல். நீளம் ஒருத்தருக்கு ஒரு மாதிரி. மரை ஒருத்தருக்கு ஒரு மாதிரி. ஒரே கம்பெனியிலேயே இந்த மாடலுக்கு ஒன்று, அடுத்த மாடலுக்கு வேறு. என்னுடைய மாடல் 'நின்னுபோச்சு சார்'. நின்றது மாடல்தான், சொட்டுவது நிற்கவில்லை.

இதில் கவனித்தீர்களா? அதே குழாயின் வெளிப்பக்கம், சுவரில் மாட்டுகிற மரை, அது எல்லாக் கம்பெனிக்கும் ஒரே அரை இஞ்ச். எந்தக் கம்பெனிக் குழாயும் எந்தச் சுவரிலும் ஏறும். அதாவது, புதிதாக வாங்குவதற்கு எது எது பொருந்த வேண்டுமோ அதெல்லாம் அழகாகப் பொருந்தும். பழுது பார்ப்பதற்கு எது எது பொருந்த வேண்டுமோ அது மட்டும் பொருந்தாது. இது தற்செயலா? எனக்குக் காது குத்தி ரொம்ப நாளாயிற்று.

ஒரே அளவில் செய்ய முடியாது என்று யாராவது என்னிடம் சொல்லட்டும், பார்க்கலாம். பேரிங் கடைக்குப் போய் 6202 என்று சொல்லிப் பாருங்கள். உள்விட்டம் 15 மில்லி, வெளிவிட்டம் 35 மில்லி, அகலம் 11 மில்லி. யார் செய்திருந்தாலும் அதே அளவு. சீலிங் ஃபேன் கரகரவென்று சத்தம் போட்டால் பேரிங்கைத் தட்டி எடுத்து, அதில் அடித்திருக்கிற எண்ணைப் படித்து, அதே எண்ணை வாங்கிப் போட்டால் ஃபேன் ஓடும். பேரிங் செய்கிறவன் நஷ்டத்தில் தெருவுக்கு வந்துவிட்டானா? உலகம் முழுக்க விற்றுக்கொண்டுதானே இருக்கிறான்.

அந்த ஃபேனுக்கும் இப்போது ஆப்பு வைத்தாயிற்று. பழைய ஃபேன் மெதுவாகச் சுற்றினால் கண்டென்சர் போயிருக்கும். 2.5 மைக்ரோஃபாரட், எலக்ட்ரிகல் கடையில் எடுத்து நீட்டுவார்கள், மெயினை அணைத்துவிட்டு மாட்டிவிடலாம். இப்போது மகள் வாங்கிக் கொடுத்திருப்பது பிஎல்டிசி என்கிற புது வகை மோட்டார் வைத்த ஃபேன். கரண்ட் மிச்சம், ஒத்துக்கொள்கிறேன். பழையது 75 வாட் இழுத்த இடத்தில் இது 30 சொச்சம்தான் இழுக்கிறது. ரிமோட் வேறு. ஆனால் உள்ளே கண்டென்சருக்குப் பதிலாக ஒரு எலக்ட்ரானிக் போர்டு. வோல்டேஜ் ஏறி இறங்கி, போர்டு போனால் அந்தக் கம்பெனியின் அந்த மாடலின் அந்த போர்டுதான் வேண்டும். வாரண்டி முடிந்த பிறகு கேட்டால், பாதி ஃபேன் விலை சொல்கிறார்கள். கரண்டில் மிச்சம் பிடித்ததையெல்லாம் அங்கே கொண்டுபோய் மொத்தமாகக் கட்ட வேண்டியதுதான்.

ட்யூப்லைட்டும் அப்படியே. சோக், ஸ்டார்ட்டர், ட்யூப் என்று மூன்று. எது போனதோ அதை மட்டும் மாற்றுவோம். ஸ்டார்ட்டரைக் கழற்றிக் கொஞ்சம் திருப்பிப் போட்டாலே எரிந்த காலம் அது. இப்போது எல்இடி பட்டை. உள்ளே சின்னச் சின்ன விளக்குகள் வரிசையாகக் கோத்திருக்கும், வரிசையில் ஒன்று கருகினால் மொத்தமும் இருட்டு. திறக்கலாம் என்றால் திருகே கிடையாது, ஒட்டி வைத்திருக்கிறான். வேறு சில சாமான்களில் திருகு இருக்கும், ஆனால் நட்சத்திரத் தலை, அதன் நடுவில் ஒரு முள். அந்தத் திருப்புளி சாதாரணக் கடையில் கிடையாது. என் காசு கொடுத்து நான் வாங்கிய பொருளை நான் திறக்கக் கூடாது என்பதற்காகவே ஒரு திருகு கண்டுபிடித்திருக்கிறான் பாருங்கள், அந்த மூளையை என்னவென்று சொல்வது!

அலமாரிக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தேக்குக் கதவில் கீல் ஆணி தளர்ந்தால், துளைக்குள் இரண்டு தீக்குச்சியைப் பசையோடு சொருகி, ஆணியை மறுபடி முடுக்கினால் இன்னும் இருபது வருஷம். இப்போது வருகிற பலகை மரத்தூளை அமுக்கி ஒட்டியது. கீல் பிடுங்கிக்கொண்டு வந்தால் பின்னாலேயே மாவு கொட்டுகிறது. தீக்குச்சியை எதில் சொருக?

வாஷிங் மெஷினுக்குத்தான் நானே ஆள் கூப்பிட்டேன். "ஒன்பதிலிருந்து ஆறுக்குள் வருவார்" என்றார்கள். ரிட்டயர்ட் ஆள்தானே, நாள் முழுக்கக் கதவைப் பார்த்துக்கொண்டு உட்காரட்டும். வந்த பையன் மெஷினைத் திறக்கவே இல்லை. பட்டனை இரண்டு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டு, "போர்டு போயிருக்கு சார், மாத்தணும்" என்றான். போர்டில் எது போயிருக்கிறது தம்பி, ரிலேவா, ஃப்யூஸா என்று கேட்டேன். சிரித்தான். அந்த போர்டு முழுவதையும் பிசின் ஊற்றி மூடி வைத்திருக்கிறார்கள். ஈரம் புகாமல் இருக்கவாம். ஈரமும் புகாது, சால்டரிங் கம்பியும் புகாது. போர்டு வேண்டாம் என்றதற்கும் விசிட்டிங் சார்ஜ் வாங்கிக்கொண்டுதான் போனான். அவனைத் திட்டி என்ன பிரயோஜனம்? இத்தனை போர்டு விற்க வேண்டும் என்று அவன் தலையில் கணக்கு கட்டியிருக்கிறார்கள். பழுது பார்க்க அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. டிப்ளமா படித்த பையன், பாவம்.

கம்பெனிக்காரன் ஒரு பக்கம் என்றால் வீட்டுக்காரர்கள் இன்னொரு பக்கம். "உங்களுக்கு எதுக்குங்க இந்த வேலை, சிவனேன்னு உட்காருங்களேன்" என்கிறாள் மனைவி. ஹால் முழுக்க நட்டும் போல்ட்டும் பரப்பி வைத்திருப்பதால் அவள் கோபத்தில் நியாயம் உண்டு, விட்டுவிடுகிறேன். மகன் பெங்களூரிலிருந்து போன் செய்கிறான். "அப்பா, இருநூறு ரூபா மிச்சம் பண்ண நாலு மணி நேரம் செலவு பண்றீங்க. உங்க நேரத்துக்கு மதிப்பு இல்லையாப்பா?" அடேய், என் நேரம்டா அது. வாக்கிங் போகச் சொல்கிறாய், அதற்கு மணிக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்த்தாயா? சுடோகு போடச் சொல்கிறாய், அதில் எத்தனை ரூபாய் லாபம்? ஒரு பொருள் ஏன் நின்றது என்று கண்டுபிடித்து, அதை ஓட வைத்துவிட்டுக் கை கழுவுகிற சுகம் எனக்கு வேண்டும். காசு மிச்சமானால் அது கொசுறு. ஏணியில் ஏறாதே என்று சொல், கேட்டுக்கொள்கிறேன், அந்த வயது ஆகிவிட்டது. உட்கார்ந்த இடத்தில் டேப்பைக் கழற்றுவதற்கும் தடையா?

எல்லா இடமும் இப்படி என்று சொன்னால் அது பொய். மிக்ஸியைப் பாருங்கள். கப்ளர், கார்பன் பிரஷ், ஜார் புஷ், பிளேடு, வாஷர், எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கும். காந்தி மார்க்கெட் பக்கம் ஒரு சந்தில், ஆள் நுழைய முடியாத கடை. உள்ளே ஒரு பெரியவர். ஜாரைத் தூக்கிக் காட்டினால் போதும், கம்பெனிப் பெயரைக்கூடக் கேட்காமல் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டிருக்கும் கப்ளர்களில் ஒன்றை உருவிக் கொடுப்பார், சரியாக உட்காரும். குக்கர் கேஸ்கெட்டும் அப்படித்தான், எத்தனை லிட்டர் என்று சொன்னால் பாத்திரக் கடையிலேயே தருவார்கள். சட்னி அரைக்காமல் தமிழ்நாட்டில் ஒரு வேளை ஓடாது, அதனால் மிக்ஸி விஷயத்தில் எவனும் வாலாட்ட முடியவில்லை போலிருக்கிறது! பெரியவரின் மகன் மொபைல் கவர் விற்கப் போய்விட்டான். அவருக்குப் பிறகு அந்தக் கயிற்றில் எது எதற்குப் பொருந்தும் என்று யாருக்குத் தெரியும்?

அரசாங்கத்துக்கு இது தெரியாமல் இல்லை. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு போட்டது. அதே வருஷம் டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் நாளன்று, கம்பெனிகள் பழுது பார்க்கிற தகவலைப் போடுவதற்கென ஒரு வலைத்தளமும் வந்தது. நல்ல விஷயம்தான், வரவேற்கிறேன். ஆனால் தகவல் கொடுத்தால் மட்டும் குழாய் சொட்டுவது நிற்காது. கடை அலமாரிக்கு ஸ்பிண்டில் வர வேண்டும். பிரான்ஸில் 2021 ஜனவரியில், போன், லேப்டாப், டிவி, வாஷிங் மெஷின் மேலெல்லாம் எவ்வளவு எளிதாகப் பழுது பார்க்கலாம் என்று பத்துக்கு இத்தனை என மார்க் போட்டு ஒட்ட வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். உதிரி பாகம் கிடைக்குமா, என்ன விலை, கழற்ற எத்தனை கஷ்டம், எல்லாவற்றுக்கும் மார்க். இங்கே ஃபேனுக்கு நட்சத்திர லேபிள் கட்டாயம் என்று 2023-ல் கொண்டுவந்தார்கள் அல்லவா? கரண்ட் எவ்வளவு தின்னும் என்று காட்டுகிற அந்த லேபிளுக்குப் பக்கத்திலேயே, போர்டு போனால் என்ன விலை, எத்தனை வருஷம் கிடைக்கும் என்று ஒரு வரி அச்சடிக்க எவ்வளவு மை ஆகிவிடும்? குழாய் டப்பாவில் நடிகை படத்தைக் கொஞ்சம் சின்னதாக்கிவிட்டு ஸ்பிண்டில் எத்தனை பல் என்று போடுங்களேன்.

குழாய்க் கம்பெனிக்கே மெயில் எழுதினேன். மாடல் எண், வாங்கிய பில், கழற்றி வைத்த ஸ்பிண்டிலின் படம், வெர்னியர் அளவுகோலில் அளந்த அளவு, எல்லாம் சேர்த்து, இது எங்கே கிடைக்கும் என்று ஒரே ஒரு கேள்வி. பதில் வந்தது. என் மேலான ஆதரவுக்கு நன்றியாம். ஸ்பிண்டிலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கீழே, புது மாடல் குழாய் வாங்கினால் பதினைந்து சதவீதம் தள்ளுபடி என்று ஒரு கூப்பன். அதற்கும் மூன்று நாள்தான் கெடு போட்டிருந்தார்கள்.