மூன்லைட் கிரஹாம் நிஜ மனிதர்தான்

"'ஃபீல்டு ஆஃப் ட்ரீம்ஸ்' பேஸ்பால் படத்தில் ஒரே ஒரு ஆட்டம் ஆடிவிட்டு டாக்டராகிப் போகும் மூன்லைட் கிரஹாம் முழுக்கக் கற்பனை" என்று ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டு சுற்றுகிறது. அது தவறு.

'மூன்லைட்' என்ற பட்டப்பெயர் கொண்ட ஆர்ச்சிபால்ட் கிரஹாம் அமெரிக்காவில் வாழ்ந்தவர். 1905 ஜூன் 29 அன்று நியூயார்க் ஜயன்ட்ஸ் பேஸ்பால் அணிக்காக ரைட் ஃபீல்டில், அதாவது மைதானத்தின் வலது வெளிப்புறத்தில், ஃபீல்டராக நின்றார். மட்டை பிடிக்க முறை வரவேயில்லை. அப்புறம் மினசோட்டாவில் சிஷம் என்ற சுரங்க ஊரில் பல்லாண்டுகள் பள்ளி மருத்துவராக இருந்தார், குழந்தைகளின் ரத்த அழுத்தத்தை ஆராய்ந்தார். எவ்வளவு நிறைவான வாழ்க்கை! பேஸ்பால் ரெஃபரன்ஸ் தளத்தில் அவர் பெயரைத் தேடிப் பாருங்கள்: ஆட்டம் 1, பேட்டிங் வாய்ப்பு 0.

படம் ஆண்டுகளை மாற்றியது உண்மை. ஆட்டத்தை 1922க்கும், 1965இல் நடந்த மரணத்தை 1972க்கும் தள்ளியது. குழப்பம் அதில் தொடங்கியிருக்கலாம். சரி, அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.