டோம்ப் ரைடரை வாங்கியது அமேசான் இல்லை

தம்பி, டோம்ப் ரைடர் வீடியோ கேம் தொடரை அமேசான் வாங்கிவிட்டது, அடுத்த கேம் அவர்களுடைய கிளவுட் சேவையில் (இணையம் வழியே ஆடுவது) மட்டும்தான் வரும், கன்சோலில் வராது என்று சொல்லியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. 2022 மே மாதம் கிரிஸ்டல் டைனமிக்ஸ், ஐடோஸ் மான்ட்ரியல் ஸ்டுடியோக்களோடு சேர்த்து இந்தத் தொடரையும் ஸ்கொயர் எனிக்ஸிடமிருந்து வாங்க 30 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டது ஸ்வீடனின் எம்ப்ரேசர் குழுமம். அந்த ஆகஸ்டிலேயே கைமாறிவிட்டது. டிசம்பரில் அறிவித்த அமேசான் ஒப்பந்தம் அடுத்த கேமை வெளியிடுவதற்கு. படம் ஒருவருடையது, விநியோகம் இன்னொருவர் என்பது போலத்தான்.

யூடியூப் தலைப்பை நம்பாமல், எம்ப்ரேசர் தளத்தில் அந்த மே மாத அறிக்கையையும், அப்புறம் 2022 டிசம்பர் அறிவிப்பையும் தேடிப் படித்துப் பாருங்கள். இரண்டாவதில் இது பல வகைக் கருவிகளில் ஆடும்படி வரும் கேம் என்றே இருக்கும்.

இதைச் சொல்லக் காரணம், வண்ணாரப்பேட்டை பிரவுசிங் சென்டரில் இந்த கேமின் நாயகி லாராவோடு வளர்ந்த எங்கள் ஏரியாப் பசங்களில் ஒருவன் இந்தப் பேச்சை நம்பி, சேர்த்து வைத்து வாங்கிய கன்சோலை விற்கப் பார்க்கிறான். விற்க வேண்டாம் என்று அவனிடமும் சொல்லிவிட்டேன்.