தண்ணி ஊத்திக்கிட்டு ஓட்டுங்கண்ணே!

காரைக்குடியைச் சுற்றி இருக்கிற பட்டறைகளில் பழைய காருக்கு இப்போது ஒரே வைத்தியம்தான்: "தண்ணி ஊத்திக்கிட்டு ஓட்டுங்கண்ணே." இன்ஜினைக் குளிர்விக்கிற கூலன்ட் குறைகிறது என்று போய் நின்றால், எங்கே போகிறது என்று குனிந்து பார்க்க ஆள் கிடையாது. மெக்கானிக் பானட்டைத் தூக்குவார், கூலன்ட் டப்பாவை ஒரு தட்டுத் தட்டுவார், "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்பார். அப்படித்தான் என்றால் எப்படி? வயதானதால் வண்டிக்குத் தாகம் எடுக்கிறதா? மூடி போட்டு அடைத்த சுற்று ஐயா அது. இன்ஜினுக்குள் போய்ச் சூட்டை வாங்கி, ரேடியேட்டருக்கு வந்து ஆறி, திரும்ப உள்ளே போகிறது. டப்பாவில் வாரா வாரம் மேல் கோட்டிலிருந்து கீழ்க் கோட்டுக்கு இறங்குகிறது என்றால் எங்கேயோ ஒழுகுகிறது. அதைக் கண்டுபிடிக்கத்தானே உங்களிடம் வருகிறேன்? ஊற்றுவதற்கு எனக்கே கை இருக்கிறது.

ஊற்றுகிற தண்ணீர் லட்சணத்தையும் சொல்ல வேண்டும். பட்டறை மூலையில் ஒரு பிளாஸ்டிக் குடம் இருக்கும். போர் தண்ணீர். அதை மடமடவென்று கவிழ்த்துவிடுகிறார்கள். காரைக்குடிக்குப் பேர்போன சம்பை ஊற்றுத் தண்ணீராகவே இருந்தாலும் அது மனிதர்கள் குடிக்க. ரேடியேட்டருக்கு எத்திலீன் கிளைக்கால் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி. அந்தக் கலவை கொதிக்கவே 106 டிகிரி வேண்டும், மூடி கொடுக்கும் அழுத்தத்தில் 120-ஐத் தாண்டியும் தாங்கும். அதில் துருப்பிடிக்காமல் இருக்க மருந்தும் கலந்திருக்கிறது. வெறும் தண்ணீரை ஊற்ற ஊற்ற அந்த மருந்து நீர்த்துப்போய், உள்ளே உப்பு படிந்து, அலுமினியம் அரித்து, இல்லாத ஓட்டையும் வந்து சேரும். இதெல்லாம் எந்த ஊரில் நடக்கிறது பாருங்கள். வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறக்கப்பட்ட சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊர். உலோகம் ஏன் அரிக்கிறது என்று ஆராய்வதற்கே அங்கே விஞ்ஞானிகள் இருக்கிறார்கள். அதே ஊரில்தான் இந்தப் பிளாஸ்டிக் குடமும்!

என் வண்டி 2004 மாடல், பெட்ரோல். அப்பச்சி ஆசையாக வாங்கியது, ஆத்தாவைக் கோயில் குளத்துக்குக் கூட்டிப்போக இன்றைக்கும் அதுதான். ராத்திரி அடியில் அட்டையை விரித்து வைத்தால் காலையில் ஒரு சொட்டு இருக்காது. ஹோஸ் கிளிப்பெல்லாம் காய்ந்து கிடக்கிறது. வாட்டர் பம்ப் அடியில் ஒரு சின்னத் துளை உண்டு, பம்ப் சீல் போனால் அது வழியாகத்தான் கசியும். அங்கேயும் ஈரமில்லை, கூலன்டின் பச்சைக் கறையுமில்லை.

முதல் ஆள் வந்ததும் தீர்ப்பு எழுதினார்: ரேடியேட்டர். சரி, மாற்றினோம். ஐந்தாயிரத்துக்கு மேல் ஆனது. டப்பா வழக்கம்போல இறங்கியது. அடுத்தவர் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு, "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்குண்ணே?" என்றார். இன்ஜின் ஏறக்குறைய 80 டிகிரிக்கு வரும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. அதை எடுத்தால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வராமலே ஓடி பெட்ரோலைக் குடிக்கும். அதெல்லாம் இருக்கட்டும், கசிவுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? கேட்டால் சிரிக்கிறார்.

இன்னொருவர், இன்ஜினின் தலையும் உடலும் சேருகிற இடத்தை அடைக்கிற ஹெட் கேஸ்கட் போய்விட்டது, இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்று வயிற்றில் புளியைக் கரைத்தார். அது போயிருந்தால் சைலன்சரில் வெள்ளைப் புகை வரும், ரேடியேட்டரில் குமிழ் குமிழாகக் கிளம்பும், ஆயிலில் தண்ணீர் கலந்து பால் விட்ட காப்பி நிறத்துக்கு வரும். இந்த மனிதர் ஆயில் பார்க்கிற டிப்ஸ்டிக்கைக்கூட உருவிப் பார்க்கவில்லை. மஞ்சள் தூள் போடச் சொன்னவரும் உண்டு. லாரிக்காரர்கள் அவசரத்துக்குச் செய்கிற வேலை அது. ரேடியேட்டரின் சன்னக் குழாய்களையும் சேர்த்து அடைத்துவிடும். ஆத்தாவிடம் சொன்னேன், "ரசத்துக்குப் போடுற மஞ்சளை காருக்குப் போடுவானா?" என்று கேட்டார்.

உண்மையில் முதல் துப்பு கொடுத்ததே ஆத்தாதான். பிள்ளையார்பட்டியிலிருந்து திரும்பும்போது, "வண்டிக்குள்ள பாகு காய்ச்சுற வாசம் வருதேப்பா" என்றார். இடது பக்க மேட் ஈரமாக இருந்தது. முன் கண்ணாடியின் உள்பக்கம் துடைக்கத் துடைக்க ஒரு பிசுபிசுப்பு. இதையும் போய்ச் சொன்னேன். "ஏசி தண்ணிண்ணே." அவ்வளவுதான், முடிந்தது. ஏசித் தண்ணீருக்கு வாசம் ஏது? அது காய்ந்தால் தடம் இருக்காது. கூலன்டை விரலில் தேய்த்தால் வழுக்கும், இனிப்பு வாசம் அடிக்கும். (வாயில் மட்டும் வைத்துவிடாதீர்கள், விஷம். இனிப்பாக இருப்பதால் நாய் நக்கிவிடும், சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இன்னும் கவனம்.)

இத்தனை பேரிடமும் இல்லாத ஒரு சாமான் உண்டு. அழுத்தம் காட்டும் முள் வைத்த ஒரு கைப்பம்ப். வண்டி ஆறியபிறகு ரேடியேட்டர் மூடி இருக்கிற இடத்தில் அதை மாட்டி, மூடியில் போட்டிருக்கிற அளவுக்கு அடிக்க வேண்டும். பெரும்பாலும் ஒரு பார் அழுத்தத்துக்குப் பக்கமாக இருக்கும். கால் மணி நேரம் முள்ளைப் பார்த்தால் போதும். இன்ஜின் சூடாக இருந்தால் கசிகிற சொட்டு அங்கேயே ஆவியாகிவிடும், ஒன்றும் தெரியாது. ஆறிய வண்டியில் அழுத்தினால் தப்ப முடியாது. ரேடியேட்டர் விலையோடு பார்த்தால் இந்தப் பம்ப் ஒன்றுமே இல்லை. ஆனால் வாங்கமாட்டார்கள். பாகத்தை மாற்றினால் காசு, சோதித்துப் பார்த்தால் என்ன காசு?

கடைசியில் தேவகோட்டை ரஸ்தா பக்கம் ஒரு பெரியவரிடம் அந்தப் பம்ப் இருந்தது. அடித்தார். முள் மெதுவாக இறங்கியது. பானட்டுக்குள் எல்லாம் உலர்ந்து கிடக்க, ஒன்றும் பேசாமல் இடது கதவைத் திறந்து கார்ப்பெட்டைத் தூக்கினார். அடியில் பச்சைத் தண்ணீர். பிறகு இன்ஜினிலிருந்து உள்ளே போகும் இரண்டு ஹோஸையும் இடுக்கியால் இறுக்கிவிட்டு மறுபடி அடித்தார். முள் அசையவில்லை.

ஹீட்டர்! கத்திரி வெயிலில் ஸ்டியரிங்கைத் தொட்டால் கை பொசுங்குகிற இந்த ஊரில், வாங்கிய நாளிலிருந்து நீலப் பக்கத்தைவிட்டு நகராத அந்தச் சூடு-குளிர் திருகுக்குப் பின்னால் ஒரு குட்டி ரேடியேட்டர் இருக்கிறது. என் வண்டியில், ஹீட்டரைப் போட்டாலும் போடாவிட்டாலும் கூலன்ட் அதற்குள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஏசியும் அதுவும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால் கசிந்ததில் கொஞ்சம் ஏசித் தண்ணீர்க் குழாய் வழியாக ரோட்டிலேயே போயிருக்கிறது. அட்டை நனையாததற்கு அதுதான் காரணம்.

புதிது போட டேஷ்போர்டு முழுக்கக் கழற்ற வேண்டும் என்றார். இரண்டு ஹோஸையும் ஒன்றாக இணைத்து ஹீட்டரைச் சுற்றிலிருந்தே விலக்கிவிடச் சொன்னேன். ஊட்டிக்குப் போனால் சால்வை போர்த்திக்கொள்வோம். தெர்மோஸ்டாட்டைத் திரும்ப மாட்டி, உள்ளே கழுவி, புதுக் கூலன்ட் ஊற்றினார். கோடு இறங்கவே இல்லை.

ரேடியேட்டர் மாற்றியவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அசரவில்லை. "இருந்தாலும் அந்த ரேடியேட்டரும் பழசுதானேண்ணே" என்றார். அந்தப் பழசையாவது திருப்பிக் கொடு என்றேன். எடைக்குப் போட்டாச்சாம்.