எத்தனை பேர் உட்கார்ந்து வாசிக்கிறாங்க?

ஆடி வரப்போகிறது. கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டினால் போதும், சேலத்தில் பேட்டைக்குப் பேட்டை பந்தல் போட்டு, நோட்டீஸ் அடித்து, நன்கொடைப் புத்தகத்தோடு வீடு வீடாக ஆள் வருவார்கள். எங்கள் வீட்டுக்கும் வருவார்கள். இந்த வருஷம் அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் பர்ஸைத் திறப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். "கச்சேரிக்கு எந்த மியூசிக் செட்டுங்க சொல்லியிருக்கீங்க? அதுல எத்தனை பேர் உட்கார்ந்து வாசிக்கிறாங்க?"

"நாலு பாடகருங்கண்ணா, பெரிய எல்ஈடி ஸ்கிரீன், ட்ராக்" என்று பதில் வந்தால் அன்னதானத்துக்கு மட்டும் எழுதிக்கொள்ளச் சொல்லிவிடுவேன். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

ட்ராக் என்றால் தெரியாதவர்களுக்கு: குரலை மட்டும் நீக்கிய பாட்டை லேப்டாப்பில் ஓடவிட்டு அதன்மேல் பாடுவது. மைனஸ் ஒன் என்றும் சொல்வார்கள், வீட்டில் பாடினால் அதற்குப் பெயர் கரோக்கி. வீட்டில் பாடுங்கள், ரொம்ப நல்ல விஷயம், நானே பாடுவேன், பக்கத்து வீட்டுக்காரர் பொறுத்துக்கொள்கிறார். ஆனால் மேடை போட்டு, ஊரைக் கூட்டி, "மாபெரும் இன்னிசைக் கச்சேரி" என்று பேனர் கட்டிவிட்டு அதைச் செய்யாதீர்கள் என்பதுதான் என் பிரச்சினை. சில இடத்தில் இன்னும் ஒரு படி மேலே போய் கீபோர்டு ஒன்றை வைத்து அதன் பின்னால் ஒருவரையும் நிறுத்திவிடுகிறார்கள். வயரே சொருகாத கீபோர்டில் அவர் ராத்திரி முழுக்க விரலை ஆட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது எனக்குக் கோபத்தைவிட அவர்மேல் பாவமாகத்தான் இருக்கும்.

எனக்கு ஒரு வாத்தியமும் வாசிக்கத் தெரியாது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேலத்தில் குகை என்கிற பகுதியில் பிறந்தவன், சாமி வேஷம் கட்டி வண்டிகளில் ஊர்வலம் வருகிற வண்டி வேடிக்கை பார்த்து வளர்ந்தவன், அவ்வளவுதான் தகுதி. அம்மாப்பேட்டையில் கச்சேரி என்றாலும் போவேன், ஓமலூர், தாரமங்கலம், ஆத்தூர் என்றாலும் கடைசி பஸ்ஸைப் பற்றிக் கவலைப்படாமல் போவேன். எந்த செட்டில் யார் பேடு (குச்சியால் அடிக்கிற எலக்ட்ரானிக் தாள வாத்தியம், ஆக்டோபேடு), யார் டோலக், யார் போன வருஷம் இந்த செட்டிலிருந்து அந்த செட்டுக்குப் போனார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. வீட்டில் இதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதை இங்கே எழுத முடியாது.

நான் மேடைக்கு நேராக உட்காருவதில்லை. ஓரமாக, பேடு வாசிக்கிறவர் பக்கம் போய் நின்றுகொள்வேன். உண்மையான கச்சேரி அங்கேதான் நடக்கிறது. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு ராத்திரி, பழைய மெலடி பாட்டு ஒன்று, இடையிசை பெரியது, முதலில் புல்லாங்குழல் வந்து அப்புறம் வயலின் கோர்வை வந்து அதற்குப் பிறகுதான் சரணம். பாடுகிற தம்பி புதுசு, பதற்றம், புல்லாங்குழல் முடிந்த உடனே சரணத்தை எடுத்துவிட்டான். வயலின் கோர்வை முழுசாகப் பாக்கி. கீபோர்டுக்காரர் தலையைக்கூடத் தூக்கவில்லை, வாசிக்க ஆரம்பித்த கோர்வையை அப்படியே விட்டுவிட்டு சரணத்துக்கான சுரக்கூட்டில் (chord) போய் உட்கார்ந்தார். பேடுக்காரர் ஒரு உருட்டு உருட்டி அந்த ஓட்டையை மூடினார். டோலக் ஒரு மாத்திரை காத்திருந்து சேர்ந்துகொண்டது. மொத்தமும் கண்மூடித் திறப்பதற்குள் நடந்தது, கூட்டத்தில் யாருக்கும் தெரியவில்லை, பாடிய தம்பிக்கே தெரிந்திருக்காது. பாட்டு முடிந்ததும் கைதட்டு அவனுக்கு. இவர்கள் மூன்று பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

அதே தம்பி ட்ராக்கில் பாடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இவன் சரணத்தில் இருப்பான், லேப்டாப் வயலினில் இருக்கும். லேப்டாப்புக்கு யாரையும் காப்பாற்றத் தெரியாது. கூட்டம் விசிலடித்து இன்னொரு தடவை என்று கத்தினால் பல்லவிக்குத் திரும்பத் தெரியாது, மழை தூறி ஜனங்கள் எழுந்து ஓட ஆரம்பித்தால் குத்துப்பாட்டுக்கு மாறி அவர்களை உட்கார வைக்கத் தெரியாது. ஊருக்காக வாசிப்பது என்றால் இதுதானே, அந்த ஊரைப் பார்த்துக்கொண்டே வாசிப்பது.

இதை எழுதினால் ஒரு நண்பர் கட்டாயம் வந்து கேட்பார், "ஆக்டோபேடு வந்தப்பவும் இப்படித்தானே புலம்பினீங்க?" நியாயமான கேள்வி. ஒரு காலத்தில் மெல்லிசைக் குழு என்றால் டிரம்ஸ், தும்பா, பாங்கோஸ், தபேலா, டோலக், அக்கார்டியன், ட்ரம்பெட், கிடார், வயலின் வரிசை என்று மேடை நிறைய ஆள் இருப்பார்கள். ரோலண்ட் கம்பெனி 1985-இல் ஆக்டோபேடைக் கொண்டுவந்தது, எட்டு சதுரத்தில் தும்பாவும் பாங்கோஸும் உள்ளே போய்விட்டன, கீபோர்டுக்குள் அக்கார்டியனும் வயலின் வரிசையும் போய்விட்டன. ஆள் குறைந்தது உண்மை, பல பேர் வேலையை இழந்ததும் உண்மை, அதை மறுக்கவில்லை. ஆனால் பேடை ஒரு மனுஷன் அடிக்கிறான். நேற்று அடித்த மாதிரி இன்றைக்கு அடிக்கமாட்டான். நம்ம பக்கத்துப் பேடுக்காரர்களில் சிலர் அந்த எட்டு சதுரத்தில் கொண்டுவருகிற டோலக்கைக் கேட்டால் தோல் வாசிப்பவர்களே தலையாட்டுவார்கள். ட்ராக்கில் அந்த மனுஷனும் இல்லை. குறைப்பதற்கு இனி மேடையில் பாடகர் மட்டும்தான் மிச்சம், அவருக்கும் நாள் குறித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதில் எனக்கு ரொம்ப வேடிக்கையாகப் படுவது, அதே திருவிழாவில் சக்தி அழைப்புக்கு யாரும் ட்ராக் போடுவதில்லை. பம்பைக்காரர்கள்தான் வரவேண்டும். மரத்தில் ஒன்று, வெண்கலத்தில் ஒன்று என்று இரண்டையும் சேர்த்துக் கட்டி, உடுக்கையும் சேர, அவர்கள் அடிக்கிற வேகத்தைக் கூட்டக் கூட்டத்தான் சாமி வருகிறவர்களுக்கு வரும். பம்பைக்காரர் சாமியாடுகிறவரின் காலைப் பார்த்தே அடியை மாற்றுவார். பென்டிரைவில் பம்பையைப் போட்டு அம்மனை அழைத்துப் பாருங்களேன், வருகிறாளா என்று. சாயங்காலம் அம்மனுக்கு நிஜ மேளம் வேண்டும், ராத்திரி நமக்கு மட்டும் லேப்டாப் போதும் என்றால் நம்மை நாமே எங்கே வைத்திருக்கிறோம்?

இன்னொன்று பத்து மணி விவகாரம். ஒலி மாசு விதிகள் 2000-ஆம் ஆண்டிலிருந்து இருக்கின்றன, ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்கு வருஷத்தில் பதினைந்து நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு, மற்ற நாளில் பத்து என்றால் பத்து. சரி, நியாயம்தான், தெருவில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கும், உடம்பு சரியில்லாதவர் இருப்பார். நான் அந்த விதிக்கு எதிரி இல்லை. ஆனால் நோட்டீஸில் ஏழு மணி என்று போட்டுவிட்டு, குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, நன்கொடையாளர் பட்டியல், மறுபடி பொன்னாடை என்று எட்டரை மணிவரை மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்தால் மதியமே வந்து வயர் இழுத்து சவுண்டு செக் செய்தவர்களுக்கு மிச்சம் எவ்வளவு? போலீஸ் வந்து நிறுத்திவிட்டது என்று அப்புறம் குறைபட்டுக்கொள்வது கமிட்டிதான். பேசியது யாருங்க?

காசு விஷயத்துக்கு வருகிறேன். ஆடியில் கல்யாணம் கிடையாது, மார்கழியிலும் கிடையாது. ரிசப்ஷனை நம்பி இருக்கிற செட்டுக்கு ஆடி மாசச் சாப்பாட்டைப் போடுவது கோயில் திருவிழாக்கள்தான். (ரிசப்ஷனில் அவர்கள் படுகிற பாடு தனிக் கதை. காசு கொடுத்துக் கூப்பிட்டுவிட்டு "பேச முடியலைங்க, சவுண்டைக் குறைங்க" என்று பத்து நிமிஷத்துக்கு ஒருத்தர் வருவார்.) கொரோனாவில் திருவிழாக்கள் நின்றுபோனபோது கீபோர்டை விற்றவர்களை எனக்குத் தெரியும். பகலில் தறி ஓட்டுகிறவர், வயரிங் வேலை பார்க்கிறவர், வெள்ளிப் பட்டறையில் உட்காருகிறவர், இவர்கள்தான் ராத்திரி மேடையில் இருக்கிறவர்கள். சேலத்தில் அரசு இசைப்பள்ளி இருக்கிறது, வயலினும் மிருதங்கமும் நாதஸ்வரமும் தவிலும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அங்கே படித்துவிட்டு வெளியே வருகிற பிள்ளைகள் எல்லாருக்கும் சபா மேடை கிடைத்துவிடுமா? சில பேராவது இந்த மேடைகளுக்குத்தான் வரவேண்டும். வந்தால் அங்கே நாற்காலி இருக்கவேண்டும்.

பெரிய பெரிய ஆட்களும் இந்தப் பக்கமிருந்து போனவர்கள்தான். 1976-இல் சினிமாவுக்கு இசையமைக்க வருவதற்கு முன் இளையராஜா அண்ணன் பாவலர் வரதராஜன் குழுவில் ஊர் ஊராகப் போய் வாசித்தவர். நம்ம ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள், டி.ஆர்.சுந்தரம் 1935-இல் ஏற்காடு அடிவாரத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவைத் தொடங்கினார், ஜி.ராமநாதன் மாதிரி ஆட்கள் அதன் படங்களுக்கு இசையமைத்திருக்கிறார்கள். இப்போது அதன் நுழைவாயில் வளைவு மட்டும் நிற்கிறது, எல்லாரும் அதன் முன்னால் நின்று பெருமையாக போட்டோ எடுக்கிறோம். அந்தப் பெருமையில் கொஞ்சத்தை இப்போது வாசித்துக்கொண்டிருக்கிறவர்களுக்கும் கொடுக்கலாம்.

மே மாசம் ஏற்காடு கோடை விழாவுக்கும் போய்விடுவேன். மலர்க் கண்காட்சிக்கு வருகிறவர்கள் பூவைப் பார்த்துவிட்டு மேடைப் பக்கம் ஒரு எட்டு எட்டிப்பார்த்துவிட்டுப் போவார்கள், நான் மேடைக்காகவே இருபது கொண்டை ஊசி வளைவு ஏறுகிறவன். கீழே வெயில் நாற்பதைத் தொடும், மேலே சாயங்காலமானால் பனி இறங்கும், அங்கே வாசிப்பது லேசான காரியமில்லை. குளிரில் புல்லாங்குழலின் சுருதி இறங்கும், கீபோர்டு இருந்த இடத்திலேயே இருக்கும். குழலைக் கையில் தேய்த்து, உள்ளே ஊதிச் சூடாக்கி, உதட்டை நகர்த்தி நகர்த்தி அந்த மனுஷன் சுருதியைச் சேர்த்துக்கொண்டே இருக்கவேண்டும். ஈரக்காற்றில் தபேலா, டோலக் தோல் தளர்ந்துபோகும், பாட்டுக்குப் பாட்டு இழுத்துக் கட்டவேண்டும். கீழே இருந்து பார்க்கிறவர் "என்னய்யா இத்தனை நேரம் தட்டிக்கிட்டே இருக்கான்" என்பார். அவர் தட்டுவதால்தான் பாட்டு பாட்டாக இருக்கிறது.

கேட்கிறவர்களுக்கும் கொஞ்சம் சொல்லவேண்டும். போனில் படம் எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் இடையிசை வரும்போது கேமராவைப் பாடகியிடமிருந்து நகர்த்தி வாசிக்கிறவர் பக்கம் திருப்புங்கள். ஒரே பாட்டை மூன்று தடவை கேட்டுச் சீட்டு அனுப்பாதீர்கள், அதுவும் மேடைக்கு ஆள் ஏற்றி அனுப்பவே அனுப்பாதீர்கள். பாட்டு பிடித்திருந்தால் நூறு ரூபாயைப் பாடகர் சட்டையில் குத்துவது மட்டும் மரியாதை இல்லை, பேடுக்காரரும் மனுஷன்தான், அவருக்கும் சட்டை இருக்கிறது.

"ட்ராக்குன்னா பாதிக் காசுதானுங்களே" என்று கமிட்டித் தம்பிகள் சொல்வார்கள். பாதிக் காசுதான், தெரியும். அப்படியானால் எல்ஈடி ஸ்கிரீனை விடுங்கள், வாணவேடிக்கையில் ஒரு பங்கைக் குறையுங்கள், கீபோர்டு, பேடு, டோலக், புல்லாங்குழல், இரண்டு பாடகர் என்று சின்ன செட்டாகச் சொல்லுங்கள். சின்ன செட்டுக்கும் ஊர் உட்காரும், நான் பார்த்திருக்கிறேன். நோட்டீஸில் கமிட்டி உறுப்பினர் பெயரும் நன்கொடையாளர் பெயரும் இரண்டு பத்திக்கு நீளமாக வருகின்றன, கீழே வாசிக்கிறவர்கள் பெயரையும் வாத்தியத்தோடு போடுங்கள். அச்சகத்தில் விசாரித்துவிட்டேன், நாலு வரி கூடினால் தனிக் காசு கிடையாதாம்.